இடது தூணுக்கு ஐந்து போல்ட்

வெல்லண்ட்
செப்டம்பர் 12, 1999

கர்ட்டிஸ்,

வேலை செய்கிறது. நீ எந்தக் கடிதத்திலும் முதல் வரியை மட்டும் படிப்பவன் என்பதால் அதை முதலில் சொல்லிவிட்டேன்.

நீ சொன்னபடி சிமென்ட்டை முழுசாக ஆறு வாரம் காயவிட்டேன். நேற்று ஃபியரோ காரைக் கராஜுக்குள் ஓட்டினேன். காரைத் தூக்கும் லிஃப்டின் இரண்டு தூண்களுக்கும் நடுவே தரையில் குறுக்காகக் கிடந்ததே, கம்பிகளை மூடிய அந்தத் தகட்டு மேடு, அது இருந்த இடமே தெரியவில்லை. முன்பெல்லாம் வயிற்றைத் தேய்க்காமல் ஒரு நாளாவது அதைத் தாண்டியிருக்கிறதா அந்தக் கார்? எனக்குக் காது கேட்காவிட்டாலும் அந்தத் தேய்ப்பு ஸ்டியரிங் வழியாகப் பல்லுக்கு வந்துவிடும். நேற்று ஒன்றுமில்லை. பலகை போட்டு ஏற்றலாமே என்று நான் கேட்டதற்கு, "பலகை போடுறதெல்லாம் யோசிக்கத் தெரியாதவன் வேலைம்மா, வாய்க்கால் வெட்டி மேட்டையே தரைக்குள்ள இறக்கிடறேன்" என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொன்னாய். போகட்டும், நீ சொன்னதுதான் சரி.

லிஃப்டின் நான்கு கைகளும் காருக்கடியில் தாராளமாகப் போயின. கைகளின் நுனியில் வைக்கும் ரப்பர் வட்டுக்குப் பதிலாக எதிர்வீட்டு ரெஜ் தன் பழைய ஹாக்கி வட்டுகளைக் கொடுத்தார். "இந்த நாலும் கோல் போட்ட வட்டு, மரியாதையா வச்சுக்கோ" என்றார். "கோல் போட்டது நீயா, எதிராளியா?" என்று கேட்டேன். பதிலை என் பக்கம் திரும்பாமல் சொன்னார், உதட்டைப் படிக்க முடியாதபடி.

எண்ணெய் மாற்றினேன். முழங்கால் தரையில் படாமல், நிமிர்ந்து நின்றுகொண்டு, அறுபத்திரண்டு வயதில். முப்பத்தொரு வருஷம் பிரஸ்ஸில் தகடு அடித்த பணத்தில் இந்த லிஃப்டை வாங்கியது வீண் இல்லை.

ஒரே ஒரு குறை. ஜூலையில் கடைசிச் சாந்தைப் பூசிவிட்டுச் சாப்பிடாமல் விமானத்துக்கு ஓடினாய். முட்டைக்கோஸ் உருண்டையை மூன்று நாள் நான் ஒருத்தியே சாப்பிட்டேன்.

அம்மா

*

சுரங்க முகாம்
செப்டம்பர் 21

அம்மா,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம். கீழே உள்ளதைக் கவனமாகப் படி.

உன் ஃபியரோவைத் தவிர வேறு எந்தக் காரையும் அந்த லிஃப்டில் ஏற்றாதே. ஃபியரோவையும் இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்காதே. கார் மேலே இருக்கும்போது அடியில் போய் நிற்காதே, பக்கத்திலிருந்து கையை நீட்டி வேலை செய். முடிந்தால் லிஃப்டையே தொடாமல், பழையபடி ஜாக்கியும் ஸ்டாண்டும் வைத்து வேலையைப் பார்.

ஏன் என்று கேட்பாய். கார் ஏறும்போது தூணுக்குள் பூட்டு 'டக் டக்' என்று விழ வேண்டும், இரண்டு தூணிலும் ஒரே நேரத்தில். ஒன்று விழுந்து மற்றது விழாவிட்டால் கார் சாயும். சாதாரண ஆள் அதைக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்வான். உனக்குக் கேட்காது. இதில் கோபப்பட ஒன்றுமில்லை, உண்மை அதுதான். காது கேட்காதவர்கள் தனியாக இயக்குகிற பொருள் இல்லை இது. வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

நீ போனில் பேச முடிந்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயம். இங்கே தபால் விமானம் வாரத்துக்கு இரண்டு முறை வருகிறது. ஒரு கடிதம் உன்னிடம் வந்து சேர ஏழு நாள், எட்டு நாள். அதுவரை நான் இங்கே உட்கார்ந்து என்ன செய்வது? அதனால் கேள்வி கேட்காமல் சொன்னதைச் செய்.

கிறிஸ்மஸுக்கு ஆறு நாள் முன்னால் இறங்குகிறேன். வந்து பார்த்துக்கொள்கிறேன்.

கர்ட்டிஸ்

*

வெல்லண்ட்
செப்டம்பர் 30

கர்ட்டிஸ்,

இரண்டு நாள் கழித்துத்தான் பேனாவை எடுத்தேன். முதல் நாளே எழுதியிருந்தால் தபால்காரன் உறையைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டிருப்பான்.

எனக்குக் கேட்காது என்பதை நீ சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை. எழுநூறு டன் பிரஸ் பக்கத்தில் நின்று உன்னைப் படிக்க வைத்ததில் போன காது அது. பூட்டு விழுவதற்குக் காது எதற்கு? உள்ளங்கையைத் தூணில் வைத்தால் டக்கென்று தெரிகிறது. ஒரு தூணில் என் கை, மறுதூணில் ரெஜ் கை. அவர் ஒவ்வொரு டக்குக்கும் தலையை ஆட்டுவார். ஆடு மாதிரி ஆட்டுகிறாய் என்றால் இன்னும் ஆட்டுவார்.

ஆமாம், ரெஜ் காரைத்தான் ஏற்றினோம். அந்தக் கமாரோவை, இந்த வயதில் யாருக்குக் காட்டவோ, ஸ்பிரிங்கை வெட்டித் தரையோடு தரையாக இறக்கி வைத்திருக்கிறார். ஊரில் எந்தப் பட்டறையின் லிஃப்டிலும் அது ஏறாது, வாசலிலேயே மூக்கு இடிக்கும். இங்கே வழுக்கிக்கொண்டு போயிற்று. "உன் பையன் வெட்டின வாய்க்காலுக்கு நகராட்சி மாலை போடணும்" என்றார். பிறகு அவர் மைத்துனர் தன் லிங்கன் காரைக் கொண்டுவந்தார், அதுவும் தாழ்த்தியதுதான், படகு நீளம். அதையும் ஏற்றினோம். தாழ்ந்த கார் வைத்திருக்கிறவர்கள் இந்தத் தெருப் பக்கம் இத்தனை பேர் இருப்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. உன் கைவேலையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ என்னடாவென்றால் கிழவி தொடாதே என்கிறாய்.

இடது தூணின் பாதத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் நீ பூசிய சாம்பல் பெயின்ட் மயிரிழை போல வெடித்திருந்தது. பார்க்க நன்றாக இல்லை. மேலே ஒரு பூச்சு அடித்துவிட்டேன். இப்போது புதுசு மாதிரி இருக்கிறது.

அம்மா

*

சுரங்க முகாம்
அக்டோபர் 8

அம்மா,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. விமானம் ஒன்றரை மணி நேரத்தில் திரும்புகிறது, அதில் இது போக வேண்டும்.

அந்தக் கோடு எவ்வளவு நீளம்? பாதத்திலிருந்து வாய்க்கால் வரை போகிறதா, இல்லை பாதத்தைச் சுற்றி வளைகிறதா? ஒன்றா, இரண்டா? பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் வெள்ளைத் தூள் கிடந்ததா? தீக்குச்சியை வைத்து அளந்து எழுது. புதுப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் பார். தூணைத் தொடாதே. கார் எதுவும் மேலே இல்லாதபோது பார்.

லிங்கன் இரண்டு டன். இரண்டு டன் அம்மா. யாரைக் கேட்டு ஏற்றினாய்?

இனி ஒரு காரையும் ஏற்றாதே. ஃபியரோவையும் ஏற்றாதே. சும்மாகூடத் தூக்கிப் பார்க்காதே. பெட்டியில் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடு. ரெஜ்ஜிடம் மோட்டார் கெட்டுவிட்டது என்று சொல். காரணம் கேட்காதே, நேரில் சொல்கிறேன். நான் இதைப் படித்தவன், இதற்குச் சம்பளம் வாங்குகிறவன், இங்கே இருநூறு டன் லாரியைத் தூக்கி நிறுத்துவது என் கையெழுத்தில் நடக்கிறது. நான் வேண்டாமென்றால் வேண்டாம்.

நேற்று ராத்திரி நீ எழுதியதை இன்னும் படிக்காமலே கனவில் லிங்கனைப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். அது பொய். நான் இங்கே வந்ததிலிருந்து சரியாகத் தூங்கவில்லை, அது மட்டும் நிஜம்.

உடனே பதில் போடு.

கர்ட்டிஸ்

*

வெல்லண்ட்
அக்டோபர் 16

கர்ட்டிஸ்,

தீக்குச்சி அளவு எதுவும் இதில் இல்லை. தேடாதே.

எங்கள் பிரஸ் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. இயந்திரம் சரியில்லை என்று யாருக்காவது பட்டால் அதன் கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டலாம். யார் வேண்டுமானாலும் கட்டலாம், கூட்டுகிறவள்கூட. கட்டிவிட்டால் முதலாளியே வந்தாலும் அந்தப் பிரஸ்ஸைத் தொடக் கூடாது. ஆனால் அட்டையில் இரண்டு விஷயம் இருக்க வேண்டும்: என்ன கோளாறு, கட்டியது யார். இரண்டும் இல்லாத வெறும் அட்டையை அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். ஏனென்றால் கோபத்துக்கும் பொறாமைக்கும் ஒருத்தர் பிரஸ்ஸில் ஒருத்தர் அட்டை கட்டுகிற ஆட்களும் இருந்தார்கள்.

நீ அனுப்பிய இரண்டு கடிதமும் வெறும் அட்டை. ஒன்றில் என் காது கோளாறு என்றாய். அடுத்ததில் காரணம் கேட்காதே, நான் படித்தவன் என்கிறாய். காரணம் சொல்லாமல் கத்துகிற ஃபோர்மேன்களை முப்பத்தொரு வருஷம் பார்த்தவள் நான். அவர்களாவது நான் பெற்ற பிள்ளைகள் இல்லை.

ரெஜ்ஜிடம் பொய் சொல்லச் சொல்கிறாய். மோட்டார் கெட்டுவிட்டது என்றால் அவர் ஐந்து நிமிடத்தில் கருவிப் பெட்டியோடு வந்து நிற்பார். அந்த மனுஷன் பனிக்காலம் முழுதும் என் வாசல் பனியைத் தள்ளிச் சுத்தம் செய்கிறவர்.

29-ஆம் தேதி வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று கமாரோவின் கியர்பாக்ஸை இறக்குகிறோம். என்ன கோளாறு என்று எழுதி, கீழே உன் பெயரைப் போட்டு அனுப்பு. நிறுத்துகிறேன். இல்லையென்றால் வாயை மூடு.

அம்மா

*

சுரங்க முகாம்
அக்டோபர் 22

அம்மா,

என்ன கோளாறு:

இடது தூணின் பாதத்தில் ஐந்து போல்ட். அவற்றில் இரண்டு பிடிக்கவில்லை.

வாய்க்கால் வெட்டினேன் இல்லையா, வாடகை ரம்பத்தில். மூன்று மணிக்கு ரம்பத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஐந்தரைக்கு விமானம். கோட்டைச் சரியாக அடிக்காமல் வெட்டினேன். வாய்க்கால் இடது பக்கம் சாய்ந்துவிட்டது. போல்ட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே ஒரு சாண் கான்கிரீட் இருக்க வேண்டும். இரண்டு விரல்தான் மிஞ்சியது. வெட்டிய பிறகு பாதத்தின் போல்ட்டுகளை மறுபடி முறுக்கும்போது முதல் போல்ட் இறுகியது, இரண்டாவது இறுகியது, மூன்றாவதும் இறுகியது என்று நினைக்கிறேன். நான்காவது சும்மா சுற்றியது. ஐந்தாவதும் சுற்றியது. விளிம்பில் கான்கிரீட் பிஸ்கட் மாதிரி உடைந்தது.

சரியான வழி எது என்று எனக்குத் தெரியும். தூணைக் கழற்றி, அந்த இடத்தை உடைத்து, புதிதாக ஆழமாக வார்த்து, ஒரு மாதம் விட்டு மறுபடி நிறுத்த வேண்டும். தெரிந்துகொண்டேதான் உடைந்த இடத்தில் சீக்கிரம் இறுகும் சாந்தை அடைத்தேன். மேலே சாம்பல் பெயின்ட் அடித்தேன். ஆறு வாரம் காயட்டும் என்று உன்னிடம் சொன்னேன். அந்தச் சாந்துக்கு ஆறு மணி நேரமே போதும். செப்டம்பரில் எப்படியாவது வந்து சரிசெய்துவிடலாம் என்று ஆறு வாரம் வாங்கிக்கொண்டேன். பிறகு இங்கே விடுப்பு கிடைக்கவில்லை. கேட்டேனா என்றால், ஒரு தடவை கேட்டேன்.

ஃபியரோ மட்டும் என்றால் தாங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கணக்கில் ரெஜ் இல்லை. லிங்கன் இல்லை. வாய்க்கால் நன்றாக இருப்பதால் ஊரே தாழ்ந்த காரோடு வரும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

கியர்பாக்ஸ் இறக்குவது எல்லாவற்றையும்விட மோசம். ஆள் அடியில் நின்று கம்பியைப் போட்டு முழு பலத்தோடு இழுப்பார். கார் ஆடும். அந்த ஆட்டம் அப்படியே தூணின் பாதத்துக்கு இறங்கும். அப்போது தூண் நிற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

உன் காதைப் பற்றி எழுதியது என் போல்ட்டை மறைக்க. அவ்வளவுதான். மன்னிப்பு கேட்டு இந்தப் பக்கத்தை நிரப்பலாம். இருபத்தாறு வயதில் அதற்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

கட்டியது யார்:

கர்ட்டிஸ் சாபோ

*

வெல்லண்ட்
அக்டோபர் 30

கர்ட்டிஸ்,

யாரும் சாகவில்லை. அதை முதல் வரியில் வைக்கிறேன்.

உன் கடிதம் நேற்று பதினொன்றரைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை. வாசல் பெட்டியிலிருந்து எடுத்து, நடக்கும்போதே பிரித்து, கராஜ் கதவுக்கு வருவதற்குள் 'இரண்டு பிடிக்கவில்லை' என்ற இடத்தில் இருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். கமாரோ தலைக்கு மேலே. அதற்கு அடியில் ரெஜ். இரண்டு கையாலும் நீளக் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறார். கார் மெதுவாக இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது, மரத்தில் கட்டிய ஊஞ்சல் மாதிரி. இடது பாதத்தைப் பார்த்தேன். நான் அடித்த புதுப் பெயின்ட்டில் கோடு திறந்து மூடிக்கொண்டிருந்தது.

கத்தவில்லை. கத்தினால் அவர் துள்ளிக் கம்பியை விடுவார், அல்லது இன்னும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்புவார். எனக்கு என் சத்தம் எவ்வளவு என்று தெரியாது என்பது உனக்குத் தெரியும். அதனால் விளக்கு ஸ்விட்சை ஒரு தரம் தட்டினேன். திரும்பிப் பார்த்தார்.

"ரெஜ், காபி ஆறுது. வெண்ணெய் டார்ட் சூடா இருக்கு."

"இன்னும் ரெண்டே போல்ட் லொரேன், முடிச்சுட்டு வர்றேன்."

"உன் வீட்டுக்காரி பாலின் கேட்டா நான் உன்னைப் பட்டினி போட்டேன்னு சொல்வா. இப்ப வா. கம்பியை அப்படியே மெதுவா கீழ வச்சுட்டு வா."

"உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

"மாவு. வா."

வந்தார். ஒன்பது அடி. எண்ணினேன். சமையலறையில் அவரை உட்காரவைத்து, டார்ட்டைத் தட்டில் போட்டு, கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மறுபடி கராஜுக்கு வந்தேன். மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். கார் மேலே இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

அதை அப்படியே விட்டால் அவர் வந்து மறுபடி அடியில் நிற்பார். இறக்க வேண்டுமென்றால் முதலில் அரை அங்குலம் ஏற்றிப் பூட்டை விடுவிக்க வேண்டும், இடது தூணின் பூட்டை இடது தூணிலேயே நின்று இழுக்க வேண்டும். நீ வைத்த தூண். கியர்பாக்ஸைத் தாங்கிய ஸ்டாண்டைத் துடைப்பக் கட்டையால் தள்ளி வெளியே எடுத்தேன், கியர்பாக்ஸ் அவர் கழற்றாமல் விட்ட இரண்டு போல்ட்டில் தொங்கிக்கொண்டு நின்றது. பிறகு போய் இழுத்தேன். உள்ளங்கையைத் தூணில் வைத்திருந்தேன். அதற்குள் மணல் அரைபடுவது போல ஒன்று ஓடியது. சக்கரம் தரையைத் தொடும் வரை நான் எதையும் நினைக்கவில்லை. தொட்ட பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ரெஜ்ஜிடம் நான் எதையும் சொல்லவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது, இன்றைக்குப் போதும் என்றேன். கோபித்துக்கொண்டு போனார். அவர் கார் என் கராஜில் பாதி பிரித்தபடி கிடக்கிறது. கதவைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று இன்று காலை இன்னொரு பொய் சொன்னேன்.

நீ இடது பக்கம் சாய்த்து வெட்டியது எனக்குப் புரிகிறது. அவசரத்தில் கை சாயும். நான் எத்தனை தகட்டைக் கோணலாக அடித்திருக்கிறேன். சாந்தை அடைத்து மூடியதும், கஷ்டப்பட்டு, புரிகிறது.

புரியாதது இதுதான். இருபத்திரண்டாம் தேதி உனக்கு எல்லாம் தெரியும். எந்த நாள், யார் கார், என்ன வேலை என்று நானே எழுதியிருந்தேன். நான் போனில் பேச முடியாதவள், சரி. ரெஜ் பேச முடியும். அவர் எண் உன் நோட்டில் இருக்கிறது, நான்தான் எழுதிக் கொடுத்தேன். உன் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் போன் இருக்கிறது, நீயே சொல்லியிருக்கிறாய். நீ நாற்பத்தாறு காசுத் தபால்தலையை ஒட்டினாய். தபால்காரனுக்குக் கால் சுளுக்கியிருந்தால்? நான் குளித்துக்கொண்டிருந்தால்?

ரெஜ்ஜிடம் நான் சொல்ல மாட்டேன். அது என் வேலை இல்லை. போனை எடு.

அம்மா

*

சுரங்க முகாம்
நவம்பர் 9

அம்மா,

உன் கடிதம் இன்று பதினோரு மணிக்கு வந்தது. பதினொன்று இருபதுக்குப் போன் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர், பின்னால் மூன்று பேர். மறைவே இல்லாத இடம், பேசுவது எல்லாருக்கும் கேட்கும். நான் அன்றைக்கு எடுக்காததற்குக் காரணம் அதுதான். எழுதிப் பார்த்தால் எவ்வளவு கேவலமாக இருக்கிறது. இங்கே நான்தான் லாரியைத் தூக்கலாமா என்று கையெழுத்துப் போடுகிறவன். என் போல்ட் சுற்றியதை இவர்கள் காதில் விழ என்னால் சொல்ல முடியவில்லை. கடிதம் ஒரு வாரத்தில் சரியாக வெள்ளிக்கிழமை போய்விடும் என்று கணக்குப் போட்டேன். என் கணக்குகள் எப்படி என்று உனக்குத் தெரியும்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ரெஜ், நான் கர்ட்டிஸ்."

"அடேய்! எப்படிடா இருக்கே? உங்க அம்மாவுக்கு என்ன ஆச்சு, சாவியைத் தொலைச்சுட்டேன்னு பத்து நாளா..."

"சாவி தொலையல. நான் சொல்றதைக் கேளுங்க. இடது தூண்ல ரெண்டு போல்ட் பிடிக்கல. ஜூலையிலிருந்தே எனக்குத் தெரியும். சாந்து வச்சு மூடிட்டேன். அன்னைக்கு அம்மா உங்களைக் காபிக்குக் கூப்பிட்டது அதுக்காகத்தான்."

வரிசையில் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். போனில் ரெஜ்ஜின் மூச்சு கேட்டது. பிறகு, "நான் அதுக்கடியில தொங்கிட்டு இருந்தேன்" என்றார், யாரோ மூன்றாவது ஆளிடம் சொல்வது போல.

"தெரியும்."

"முன்னாடி என் மச்சான் அதுக்கடியில நின்னான்."

"தெரியும்."

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. என் நம்பர் உன்கிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவர் ஊர்ப் பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். போனை வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டேன். பாலின் எடுத்து, அவர் கோட்டை மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் போகிறார் என்றாள். என்னடா செய்தே அவரை என்று கேட்டாள். அவளிடமும் சொன்னேன்.

அம்மா, இந்தக் கடிதம் வருவதற்குள் அவர் வந்து போயிருப்பார். அவர் தூணைத் தட்டிப் பார்க்கப் போகிறார் என்றால் முதலில் கமாரோவை வெளியே தள்ளச் சொல். தூணை மேலே இருந்து கயிற்றால் உத்தரத்தோடு கட்டச் சொல். இதை அவரிடம் போனிலேயே சொல்லியிருக்க வேண்டும், வைத்துவிட்டார். சாயங்காலம் மறுபடி கூப்பிடுவேன். நாளைக்கும் கூப்பிடுவேன். இனி எதையும் தபாலில் போட மாட்டேன், இதைத் தவிர.

மேலாளரிடமும் போய்ச் சொன்னேன். இங்கே நான் கையெழுத்துப் போட்டதையெல்லாம் வேறொருவர் மறுபடி பார்க்கிறார். இதுவரை ஒன்றும் தப்பாக இல்லை. ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் நானும் பக்கத்தில் போய் நிற்கிறேன்.

கர்ட்டிஸ்

*

வெல்லண்ட்
நவம்பர் 17

கர்ட்டிஸ்,

நீ கயிறு கட்டச் சொன்னதைப் பாலின் என்னிடம் எழுதிக் காட்டினாள். ஒன்பதாம் தேதி சாயங்காலம் நீ மூன்று முறை கூப்பிட்டாயாம். கட்டினார்கள்.

கமாரோவை நாங்கள் ஐந்து பேர் தள்ளி அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். பிறகு ரெஜ் உளியோடு வந்து இடது பாதத்தைச் சுரண்டினார். பெயின்ட் போயிற்று, சாந்து கட்டியாகப் பெயர்ந்தது. நான்காவதும் ஐந்தாவதும் கையோடு வந்தன. நீ 'இறுகியது என்று நினைக்கிறேன்' என்று எழுதினாயே, அந்த மூன்றாவது. அதை அவர் இரண்டு விரலால் பிடித்தார். ஆடும் பல்லைப் பிடுங்குவது போல வந்துவிட்டது.

அவ்வளவு நாளும் அது இரண்டு போல்ட்டில் நின்றிருக்கிறது.

மூன்றையும் என் சமையலறை மேஜையில் வரிசையாக வைத்தார். காபி கொடுத்தேன், குடிக்கவில்லை. என் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, நான் தப்பாமல் படிக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். "லொரேன், நீயும் பத்து நாள் என்கிட்ட பொய் சொன்னே." ஆமாம் என்றேன். உன் வாயால் அவர் கேட்க வேண்டும் என்று நினைத்தது சரியா, தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பனி விழுந்து மூன்று நாளாகிறது. என் வாசல் பனியை நானே தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

தூண் இரண்டையும் இறக்கிச் சுவரோரம் படுக்க வைத்தாயிற்று. ஃபியரோ பலகை மேல் ஏறி நிற்கிறது, அடியில் நான் முதுகால் ஊர்ந்து போகிறேன். தரையை உடைக்க ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதை நீ உடைப்பாய்.

டிசம்பர் பத்தொன்பது இறங்குகிறாய். பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரே இங்கே வராதே. பையோடு ரெஜ் வீட்டுக்குப் போ. போனில் சொன்னது போதாது, அவர் முகத்தைப் பார்த்துச் சொல். கதவைத் திறப்பாரா என்று எனக்குத் தெரியாது. திறக்காவிட்டால் தட்டிக்கொண்டே இருக்காதே, வாசலில் நில். குளிரும். எவ்வளவு நேரமானாலும் நில். நான் ஜன்னலில் இருப்பேன்.

அம்மா